உப்போடைக்கும் வெள்ளக்கரட்டுக்கும் கூப்பிடு தூரம்

பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கிற சிரிப்பு, ஆனால் அது வெள்ளக்கரட்டிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருக்கிறது, வந்து சேர ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட ஆகும், ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம், அதுவரை யாரும் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இது எங்கள் உப்போடை ஏர்போர்ட்டில் அறிவிப்புச் சொல்லும் வஞ்சிக்கொடி மைனியின் குரல், மைனி என்றால் எங்கள் ஊரில் அண்ணி. பேசியது நான், பெர்பெத்தா, பதினொன்றாம் வகுப்பு, ஏர்போர்ட் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அமலோற்பவத்தின் மகள். எந்தக் குரலையும் இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாம் தடவை அது என் வாயிலிருந்து வரும். மாதா கோயில் சாமியாரின் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டை, தலைமையாசிரியையின் மூக்கு, விமானம் ஓட்டுகிறவர் சோம்பல் முறித்துக்கொண்டே பேசுகிற இங்கிலீஷ், எங்கள் அம்மா என்னைக் கூப்பிடும்போது 'ஏட்டி'யின் நடுவில் வைக்கிற அந்தக் கொட்டு, எல்லாம் என்னிடம் உண்டு. என் அம்மாவின் குரலில் என் அம்மாவையே கூப்பிட்டு, அவள் "இந்தா வந்துட்டேன்" என்று ஓடிவந்த கதையும் உண்டு. ஆனால் அது வேறு சிரிப்பு, நம்முடையது இன்னும் மேலே பறந்துகொண்டிருக்கிறது.

உப்போடைக்கும் வெள்ளக்கரட்டுக்கும் எவ்வளவு தூரம் என்றால் பள்ளிக்கூடத்து மேப்பில் ஒரு சாண்கூட வராது. பஸ்ஸில் போனால் மூன்று பஸ் மாற வேண்டும், காலையில் குளித்து மல்லிகை வைத்துக்கொண்டு ஏறினவள் இறங்கும்போது பூவும் வாடி, அவளும் வாடி, கூட வந்தவனோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோயிருக்கும். விமானத்தில் என்றால் ஒரு மணிக்குக் கொஞ்சம் கூட; இறக்கையில் விசிறி சுற்றுகிற சின்ன விமானம், நாளைக்கு ஒரு தடவை மஞ்சள் வாசத்தோடு வந்து இறங்கும், எங்கள் உப்புக் காற்றை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பிப் போகும். இங்கே உப்பளம், கடல், மீன், 'ஏல', 'ஏட்டி'. அங்கே கரடு, மஞ்சள் காடு, மாடு, 'ஏனுங்க', 'அம்முணி'. நடுவே பாதித் தமிழ்நாடு கிடக்கிறது.

அந்தப் பாதித் தமிழ்நாடு ஒரு நாள் காலையில் காணாமல் போயிற்று.

ஆடிக் காற்று ஓய்ந்த மறுநாள். அம்மா பால் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு ஏர்போர்ட் சுவரோரம் விறகு பொறுக்கப் போயிருந்தாள். பால் பொங்குகிற வாசம் வந்ததும், அங்கிருந்தே, "ஏட்டி பெர்பெத்து! பாலு பொங்குதுட்டி! அடுப்ப அணை!" என்று ஒரு அவயம் போட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. ஆனால் சுவருக்கு வெளியே, உடை மரப் புதர்களுக்கும் அப்பால், உப்பைத் தவிர எதுவுமே இல்லாத திக்கிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "ஏனுங்க, அணைச்சுட்டனுங்க! எங்கூட்டுலயும் பொங்கிருச்சுங்க!"

அம்மா விறகைக் கீழே வைத்தாள். "ஆரு பேசுதது?"

"வெள்ளக்கரடுங்க."

"அப்படியா. அங்க மழை உண்டா?"

"எங்கீங்க, ஒரு சொட்டு இல்லீங்க."

"இங்கயும் இல்ல பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா வந்து, பொங்கிப்போன பாலுக்காக என் முதுகில் ஒன்று வைத்தாள். அவ்வளவுதான். இரண்டு ஊருக்கும் நடுவே கூப்பிடு தூரம் ஆகிவிட்டது. இந்தப் பக்கத்து ஏர்போர்ட் சுவரோரம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கத்து ஏர்போர்ட் சுவரோரம் கேட்கும், அங்கே கூப்பிட்டால் இங்கே கேட்கும். எட்டிப் பார்த்தால் மட்டும் உப்பளம்தான் தெரியும், நடந்து போனால் கால் உப்பில்தான் புதையும்.

பெரிய ஆபீசர்கள் வந்தார்கள், கருவிகளை வைத்து அளந்தார்கள், தூரம் இருந்த தூரமாகவே இருந்தது, விமானமும் எப்போதும்போல ஒரு மணிக்குக் கொஞ்சம் கூடவே எடுத்துக்கொண்டது. "அளவுல ஒண்ணும் குறையல, கூப்பிடுறதுக்கு மட்டும் கிட்டத்துல இருக்கு" என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். "அதத்தான நாங்களும் சொல்லுதோம்" என்று அம்மா சொல்லி அவருக்கு இன்னொரு டீ ஊற்றினாள், அவரும் அதைக் குடித்துவிட்டு, சுவரோரம் போய் நின்று, வெள்ளக்கரட்டுக்குக் கட்டிக்கொடுத்த தன் சித்தி மகளைக் கூப்பிட்டு நலம் விசாரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

ஏன் இப்படி ஆயிற்று என்று இரண்டு ஊரிலும் யாரும் கேட்கவில்லை, கேட்க நேரமில்லை, அத்தனை பேச்சு பாக்கி இருந்தது. போன் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரிடமும் போன் உண்டு. ஆனால் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்காதே, அப்புறம் பேசி என்ன பிரயோசனம்? உப்போடைக்காரிகள் கருவாட்டுக் குழம்பு வைக்கிற பக்குவத்தைக் கத்தினார்கள், கறி மீன் தின்னாத வெள்ளக்கரட்டுக்காரிகளும் அதை மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசிவரை கேட்டார்கள். அங்கே மாடு கன்று போட்டால் இங்கே பெயர் வைத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் குரல் பார்த்தார்கள், குரல் பிடித்தால்தான் விமானம். இரண்டு ஊர் நாய்களும் ஒன்றையொன்று பார்க்காமலே ஜென்மப் பகை வளர்த்தன. எங்கள் ஊர் ஆட்கள் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடத் தொடங்கினார்கள், அங்கே குழந்தைகள் 'அவயம் போடாதீங்க' என்று சொல்லப் பழகினார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு வந்தது. விமானம் மேலே இருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது. ஒரு தடவை நடு வானத்தில் பயணிகளின் காலடியில் ஒரு மாமியார் மருமகள் சண்டை கடந்துபோயிருக்கிறது, முடிவு தெரியாமல் உட்கார மாட்டேன் என்று எழுந்து நின்ற ஒருவரை, ஓட்டுகிறவரே வந்து சமாதானப்படுத்த வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து விசிறிச் சத்தம் கிளம்பினால் இரண்டு ஊரும் வாயை மூடிக்கொள்ளும், இறங்கினதும் திறந்துகொள்ளும்.

இப்போது மைனி. வஞ்சிக்கொடி மைனி வெள்ளக்கரட்டுப் பெண். அங்கே ஏர்போர்ட்டில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள், எங்கள் ஏர்போர்ட்டில் தீயணைப்பு வண்டி ஓட்டும் கிளமெண்ட் அண்ணன் பயிற்சிக்குப் போன இடத்தில் அவனைப் பார்த்து, அவனையே கட்டுவேன் என்று நின்றாள். மைனியின் அப்பா சென்னியப்பன் கத்தவும் இல்லை, அடிக்கவும் இல்லை, அந்த ஏர்போர்ட் சுவரை ஒட்டின தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மஞ்சளைத் தேய்த்துக்கொண்டே, "போறதுன்னா போ" என்று மட்டும் சொன்னார். மைனி தன் விமானத்துக்குத் தானே அறிவிப்புச் சொன்னாள், மைக்கை வைத்தாள், சுவரோரம் வந்தாள், "போறேன்" என்றாள், ஏறிவிட்டாள்.

'போயிட்டு வாரேன்' என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் செத்த வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் வருகிறேன் என்று சொல்லாமல் போவார்கள். அங்கேயும் அப்படித்தானாம். மகள் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் பேச்சை நிறுத்தினார், கல்யாணத்துக்கு வரவில்லை, போனை எடுக்கவில்லை. இதை மைனி எங்கள் அம்மாவிடம் கடையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்: "அவரு 'வா'ன்னு ஒரு எழுத்துச் சொன்னாப் போதுமுங்கக்கா. நானாப் போனா கதவச் சாத்திக்குவாரு."

கூப்பிடு தூரம் ஆனதும் ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் மைனிதான். போனை எடுக்காமல் இருக்கலாம், காதை எடுத்து வைத்துவிட முடியாதே. தினமும் வெயில் தாழ்ந்ததும் சுவரோரம் வருவாள், மைக்கில் பேசுகிற நிமிர்ந்த குரல் இல்லை, வேறு ஒரு சின்னக் குரலில் கூப்பிடுவாள்: "அப்பா… வஞ்சிங்கப்பா." கதவு சாத்துகிற சத்தம் மட்டும் வரும். தாழ்ப்பாள் விழுகிறதுகூடக் கேட்கும்.

அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் நான் நாக்கால் செய்து பார்த்திருக்கிறேன், அது வாய்க்குக் கசக்கிற சத்தம். அதோடு, மறைக்க என்ன இருக்கிறது, கை துறுதுறுவென்று வந்தது. மைனியின் அப்பா வீட்டில் மாடு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன், வெள்ளக்கரட்டுச் சுவரோரம் தினமும் ஒரு கிழவர் "லச்சுமீய்…" என்று மாட்டைக் கூப்பிடுவதும் எனக்குத் தெரியும், காலித் தார் டிரம்முக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு கட்டைக் குரல். இவர்தான் அவர் என்று நானே முடிவு கட்டினேன், அது போதுமே. ஒரு நாள் சாயங்காலம் சுவருக்கு வெளியே உடை மரப் புதருக்குள் போய், சுவரைப் பார்த்துக் குந்திக்கொண்டேன்.

"அப்பா… வஞ்சிங்கப்பா. சாப்டீங்களா?"

"ஏட்டி…" என்றேன்.

ஊர் வாய், என்ன செய்ய! எடுத்த எடுப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் நான் யார்? கண் இமைக்கிற நேரத்தில் அதை ஒரு இருமலாக மாற்றிவிட்டேன். "ஏட்டி… க்ஹும்… அம்முணி."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அப்பாவா?"

"ஆமா. நாந்தான். சாப்டேன், சாப்டேன். கம்மஞ்சோறு."

"கம்மஞ்சோறா?" குரல் நடுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். "நீங்க கம்மஞ்சோறு தொட மாட்டீங்களேப்பா."

"வயசாச்சில்ல, தொட்டுத்தான ஆகோணும்."

"சரிங்கப்பா. நாளைக்கும் பேசுவீங்களா?"

"பேசாம எங்க போறேன்" என்று சொல்லி, தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு புதருக்குள் உருண்டு சிரித்தேன். பொறுங்கள், நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. இது சும்மா வாய் நனைக்க.

அப்புறம் தினமும் நடந்தது. வெள்ளக்கரடு எந்நேரமும் சளசளக்கிற ஊர், ஆனால் நான் புதருக்குள் போகிற நேரத்தில் மட்டும் கப்சிப் என்று ஆகிவிடும், நாய்கூடக் குரைக்காது, என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு நாள் எங்கேயோ ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். நாற்காலி இழுக்கிற சத்தம் வந்தது. அந்த ஊர்க்காரர்கள் வாசலில் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அம்மா வேறு, கேட்காமலே எனக்கு மிளகுப் பால் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். "தொண்டைய கவனிச்சிக்கிடணும் மக்கா" என்பாள். "எதுக்கும்மா?" என்றால், "பரிச்ச வருதுல்லா" என்பாள்.

மைனி எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் மீன் முள் எடுக்கத் தெரியாமல் அழுதது, இப்போது மத்தி மீனையே முள் மிச்சமில்லாமல் தின்பது. கிளமெண்ட் அண்ணனுக்கு அணைக்க ஒரு தீயும் வாய்க்காததால் வண்டித் தண்ணீரையெல்லாம் வேப்பங்கன்றுகளுக்கு ஊற்றி, ஏர்போர்ட் சாலை முழுக்க நிழலாகிவிட்டது. உப்புக் குவியலைப் பார்த்தால் சில நேரம் அவர்கள் ஊர்ப் பஞ்சுக் குடோன் ஞாபகம் வருவது. "நல்ல மனுசருங்கப்பா அவரு. நீங்க ஒரு தடவ பாத்தீங்கன்னா உங்களுக்கே புடிச்சுரும்." நான் "ம்" கொட்டினேன், "அப்படியா சங்கதி" என்றேன், ஒரு தடவை "மருமகப்புள்ளைக்கு மீசை இருக்குதா?" என்றுகூடக் கேட்டேன். முதல் நாளின் சின்னக் குரல் இப்போது இல்லை, பக்கத்துப் புதரில் இருக்கிற எனக்குக் காது கிழிகிற மாதிரிதான் பேசினாள், தூரத்துக்குக் கேட்கட்டும் என்று.

பிறகு ஒரு நாள் அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமலே தொடங்கினாள்.

"அப்பா. அன்னிக்கு நான் 'போறேன்'னு சொல்லிட்டேனுங்க."

வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சாமியார் இல்லை, தலைமையாசிரியை இல்லை, எனக்குள் இருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"வேணும்னுதான் சொன்னேன். கோவத்துல. மேல ஏறி உக்காந்து ஒரு மணி நேரமும் சொல்லிக்கிட்டே வந்தேன், போயிட்டு வரேன், போயிட்டு வரேன்னு. கேட்டிருக்காது உங்களுக்கு. அன்னிக்குத் தூரம் தூரமாத்தான் இருந்துச்சு."

தார் டிரம் குரலில், எனக்கே தெரியாமல், "இப்பச் சொல்லு" என்றேன்.

"போயிட்டு வரேனுங்கப்பா."

"செரி. போயிட்டு… வா, அம்முணி."

அப்போது தொலைவில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மெல்லிய, கீச்சென்ற ஒரு சிந்தல். சுவருக்கு மேலே, அதைப் பிடித்தபடி, மைனியின் விரல்கள் மட்டும் தெரிந்தன.

அதற்கு அடுத்த வாரம், மதியம், அம்மா கடையில் வடை போட்டுக்கொண்டிருக்கும்போது வெள்ளக்கரட்டிலிருந்து ஒரு கூப்பாடு: "உப்போடைக்காரங்களே! நம்ம சென்னியப்பய்யன் வெமானத்துல ஏறிட்டாருங்க! மொதத் தடவ ஏறறாரு, கைகாலெல்லாம் நடுங்குது, பதனமா எறக்கிக்கோங்க!" விசிறிச் சத்தம் கிளம்பியது. இரண்டு ஊரும் வாயை மூடின.

ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட. பஸ்ஸில் வந்திருந்தால் நான் எங்கேயாவது ஓடிப்போக ஒரு பகல் கிடைத்திருக்கும். விமானம் இரக்கமில்லாதது. அவர் வருவார், மைனி ஓடுவாள், "நீங்க சொன்னீங்களேப்பா" என்பாள், அவர் "நான் எப்பச் சொன்னேன்?" என்பார், அத்தனை சாயங்காலமும் அந்த இடத்திலேயே செத்து விழும், அவர் அதே விமானத்தில் திரும்பிவிடுவார், இந்தத் தடவை தாழ்ப்பாள் நிரந்தரமாக விழும். என் விளையாட்டில் இதுவரை யாரும் அழுததில்லை. நான் அறிவிப்பு அறைக்கு ஓடினேன். மைனி கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, ஒங்க அப்பா, ஒருவேளை, பேசினதெல்லாம் ஞாபகம் இல்லன்னு சொன்னா?"

"ஏன் சொல்றாரு?"

"வயசாயிட்டுல்லா."

"கம்மஞ்சோறு திங்கற ஒடம்பு, ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் மைனி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். "மைனி, அது வந்து" என்று தொடங்கினால் சாமியாரின் குரல் வருகிறது. திருத்தினால் தலைமையாசிரியை. மறுபடி திருத்தினால் விமானம் ஓட்டுகிறவர் இங்கிலீஷில் சோம்பல் முறிக்கிறார். உண்மையைச் சொல்ல என் சொந்தக் குரல் வேண்டும், அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தொண்டை முழுக்கத் துழாவுகிறேன், எல்லார் குரலும் கைக்கு வருகிறது, அது மட்டும் வரவில்லை. மைனி திரும்பி என்னைப் பார்த்தாள், மைனியின் உதடு கோணியது, கையில் இருந்த பூச்சரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி என் தலையில் வைத்தாள். "மொதல்ல மூச்சு உடு பெர்பெத்து. உப்போடைக்கு வர வேண்டிய விமானம் இன்னும் சற்று நேரத்தில் தரையிறங்கும்" என்று மைக் குரலில் சொல்லிவிட்டு என்னை வெளியே தள்ளினாள்.

விமானம் இறங்கியது. வேலி ஓரம் முழு உப்போடையும் நின்றது. கிளமெண்ட் அண்ணன் தன் வண்டியை ஓடுபாதை ஓரம் கொண்டுவந்து நிறுத்தி, மாமனாருக்கு மரியாதை என்று குழாயைத் திறந்து வானத்தில் ஒரு தண்ணீர் வளைவு போட்டான், படியில் இறங்கின சென்னியப்பன் அதில் முழுக்க நனைந்தார். ஒடிசலான மனிதர். கையில் இலையோடு பிடுங்கின மஞ்சள் கொத்து. தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து மகள் முன்னால் நின்றார். பாதித் தமிழ்நாட்டைத் தாண்டி வந்தவர் அவர், ஆனால் அவளைப் பார்த்து அவர் கேட்டது:

"வந்துட்டயா, அம்முணி?"

"வந்துட்டேனுங்கப்பா" என்றாள் மைனி.

அவர் மஞ்சள் கொத்தை அவள் கையில் கொடுத்தார், மருமகனின் மீசையை ஒரு பார்வை பார்த்தார், மூக்கைச் சிந்தினார். கீச்சென்று.

எனக்குக் காது அடைத்தது. அவர் குரல் தார் டிரம் இல்லை. எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி மெல்லிசாக, கீச்சுக் குரல். நான் எத்தனையோ சாயங்காலம் செய்தது வேறு யாரோ, அடுத்த வீட்டு மாட்டுக்காரராக இருக்கும். அப்படியானால் முதல் சொல்லிலேயே, அந்த முதல் 'க்ஹும்'மிலேயே மைனிக்கு… நான் மைனியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள், தோள் குலுங்கியது, அது அழுகிற தோள் இல்லை.

சென்னியப்பன் நேராக என்னிடம் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையைத் தாழ்த்தி, தாடையைக் கழுத்தில் அழுத்தி, அந்த ஒடிசல் உடம்புக்குள்ளிருந்து எங்கிருந்தோ ஒரு காலித் தார் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்:

"ஏட்டி… க்ஹும்… அம்முணி. எங்கே, நான் பேச வேண்டியதையெல்லாம் பேசின வாயி? அதைக் கேக்கோணும்னு தெனமும் பொழுதோட ஊரே நாக்காலி போட்டு உக்காந்திருந்தமே, தெரியாதா? கம்மஞ்சோறு இருக்குதா?"

விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது, கூப்பிடத் தடையில்லை. சுவருக்கு வெளியே, உடை மரங்களுக்கு அப்பால், உப்பைத் தவிர எதுவுமில்லாத திக்கிலிருந்து, ஒரு முழு ஊர் இத்தனை நாள் வாயைப் பொத்தி அடக்கி வைத்திருந்த சிரிப்பு, ஆணும் பெண்ணும் குழந்தையும் லச்சுமி மாட்டின் சொந்தக்காரருமாக, எந்த விமானத்திலும் ஏறாமல் வந்து எங்கள் மேல் கொட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் மைனியின் சுவரைப் பார்த்து அந்தப் புதருக்குள் குந்தியிருந்தபோதெல்லாம், என் முதுகுக்குப் பின்னால்தான் வெள்ளக்கரடு இருந்தது.